கண்ணைப் பார்த்து வணக்கம்

ஊரிலிருந்து "வெளிநாட்டில் சுகமா?" என்று கேட்கிறவர்களே, சுகம்தான். ஆனால் இந்தச் சுவிஸில் காலை வணக்கத்துக்கும் பரீட்சை வைக்கிறார்கள். பாலர் பள்ளி வாசலில் டீச்சர் நிற்பார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து, வலக்கையைக் கொடுத்து, அவர் கண்ணை நேரே பார்த்து, "குட்டன் மோர்கன்" என்று அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சப்பாத்து மாட்டத் தெரியாத பொடியன்கூட மந்திரி மாதிரிக் கை குலுக்கிவிட்டு உள்ளே போகிறான். என் மகள் வதனி மட்டும் டீச்சரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் ஜெர்மன் படித்தது உணவகத்தில் கோப்பை கழுவி. சட்டி, சூடு, அவசரப்படுத்துகிற "கெதியா" என்ற மூன்றையும் தாண்டினால் ஊமை.

"உங்கள் மகளுக்கு என்மேல் கோபமா?"

"இல்லை, மரியாதை" என்றேன்.

"மரியாதை என்றால் கண்ணைப் பார்க்க வேண்டும்" என்றார். இப்படியே இருந்தால் அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்கு விடமுடியாதாம். பாதிதான் விளங்கியது.

போன வருடம்வரை வதனி, சண்டை நடக்கிற எங்கள் ஊரில், நாவற்குடாவில் தாயோடு இருந்தவள். என் மனைவி பவளத்தின் தாய்வீடு வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவில். அங்கே போக, பாலத்தடியில் ஆமியின் சோதனை. சைக்கிளால் இறங்கி, தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தவனை, "என்ன பாக்கிறாய்?" என்று ஓரமாக நிறுத்துவார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவனை நான் கண்டதில்லை. "நிலத்தப் பாத்துக்கிட்டு வா புள்ள" என்பதுதான் பவளம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம். இங்கத்தைய டீச்சருக்குப் பாட்டு, படம், வர்ணப் பென்சில் எல்லாம் இருக்கிறது. பவளத்திடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய வகுப்பில் சித்தியடையாத பிள்ளை வீடு திரும்பாது.

சரி, நானே வாத்தியாரானேன். பள்ளிக்கூடத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்தவன் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்! குசினி வாசலில் நின்று கையை நீட்டினேன். வதனி முதுகுப்பையைக் கழற்றி, திறந்து, சோதிக்கத் தந்துவிட்டுக் குனிந்து நின்றாள்.

"பை இல்ல கா புள்ள, கை! கையக் காட்டு!"

இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"நல்ல வாத்தியார்!" என்றாள் பவளம். "உங்கட மூஞ்சிக்கு ஆமிக்காரன் கெட்டான்."

டொபியை லஞ்சமாகக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் ஒரு காலை, வதனி டீச்சரின் கண்ணைப் பார்த்துக் கை கொடுத்தாள். டீச்சர் கைதட்டினார். நான் பேராசிரியர் நடை நடந்து வீட்டுக்கு வந்தேன்.

பவளம் சிரிக்கவில்லை. எங்கள் அகதி வழக்குக்கு இன்னும் முடிவு வரவில்லை.

"கேஸ் தோத்துத் திருப்பி அனுப்பினானுகள் எண்டா? இவள் பாலத்தடியில போய் ஆமிக்காரன்ட கண்ணப் பாத்துக் கை குடுப்பாள். மறுகா என்ன நடக்கும்?"



இப்போது பின்னேரங்களில் இரண்டு பாடமும் நடக்கிறது. "டீச்சர்" என்றால் தலை நிமிரும், கை நீளும். "ஆமி" என்றால் தலை குனியும். வதனிக்கு இது விளையாட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நேற்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தவன், அடுத்ததாக எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அவள் காத்திருந்தாள். கை பாதி நீண்டிருந்தது. கண் என் முகத்திலும் இல்லை, நிலத்திலும் இல்லை, என் சட்டையின் நடுப்பொத்தானில் நின்றது.

"அப்பா, கெதியாச் சொல்லுங்க" என்றாள்.