பன்னிரண்டாவது கொக்கு

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவரின் மகளுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன வாரம் அவள் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஃபிலிம் போட்டு எடுக்கும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, உடம்பு மட்டும். லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. கீழே, ‘அங்கிள், லென்ஸ் தர்ட்டி ஃபைவ் வாங்கட்டுமா, ஃபிஃப்டி வாங்கட்டுமா? ஒண்ணுதான் வாங்க முடியும்’ என்று கேட்டிருந்தாள். முப்பது வருஷம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவன் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பரண்மேல் ஏறி ஒரு பிஸ்கட் டப்பாவைத் தேட ஆரம்பித்தேன். இந்த வயதில் பரண் ஏறினால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பழைய நெகடிவ் கெட்டுப்போனால் அப்படித்தான் வீசும். அந்தக் காலத்தில் படம் கழுவும் இருட்டறையிலும் ஏறக்குறைய இதே வாடைதான். அப்போது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்குள் நுழையும்போதே என் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊறுகாய் ஜாடி வந்துவிட்டது என்பாள். அவள்மேல் மட்டும் என்ன சந்தன வாசமா வீசியது? தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி வாசம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவாள்.

அக்காவைச் சொல்லாமல் லென்ஸைச் சொல்ல முடியாது. பெயர் கோமதி, என்னைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அவள். கடைக்காரர் கொடுக்கும் டிசைனை, அவர் சொல்லும் கலரில் நெய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அக்காவுக்கு அது போதவில்லை. ஓர் ஐப்பசியில் தென்னேரிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவள், நிரம்பிக் கிடந்த ஏரியில் வரிசையாக நின்ற கொக்குகளைப் பற்றியே நாலு நாள் பேசினாள். ஐந்தாம் நாள் பேச்சை விட்டுவிட்டுத் தறியில் இறங்கினாள். மாதிரிக்கு ஒரு முழம் நெய்து அறுத்தாள். அரக்குக் கரையில் சரிகையால் பன்னிரண்டு கொக்கு. பதினொன்று நிமிர்ந்து நிற்கும். பன்னிரண்டாவது மட்டும் குனிந்து மீனைக் கொத்தும். மீன் ஓர் அரிசி அளவுதான், ஆனாலும் அதற்கு வால் இருந்தது.

பேப்பரில் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. பழைய முறையில் கயிறு கட்டி, உருவத்தைத் தறியிலேயே கொண்டுவந்துவிட்டாள். மாசி மகம் போனதும் நல்ல நாள் பார்த்து அதை ஒரு பெரிய கடைக்கு எடுத்துக்கொண்டு போவது என்று அப்பா முடிவு செய்தார். கடைக்காரர் ஒப்புக்கொண்டால் கொக்குக் கரை அவளுடைய டிசைன். அதை நெய்யும் உரிமையும் அவளுடையது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் அதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை. அக்கா அந்த இரண்டு மூன்று மாதமும் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புது டிசைன் தறியில் இருக்கும்போது வெளி ஆள் வந்தால் அதன்மேல் வேட்டியோ துண்டோ போட்டு மூடிவிடுவோம். வந்தவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஆனால் பாஸ்கரை வெளி ஆள் என்று யார் நினைப்பார்கள்? நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தறியில் உருவம் விழவைக்கும் ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் வரையும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தான். கட்டம் போட்ட தாளில் நாள் முழுக்கக் கட்டங்களை நிரப்புவான். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. அவன் வரும்போது அப்பா எதையும் மூடச் சொல்லமாட்டார். அக்காதான் எழுந்து போய் ஒரு துண்டை விரித்துவிட்டு வருவாள். “அக்கா என்னக் கண்டா மட்டும் துண்டு போடுறாங்கப்பா” என்று அவன் சிரிப்பான். நானும் கூடச் சிரித்தேன். அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டூடியோ முதலாளி வீடு மாறினார். சாமான் ஒழிக்கும்போது ஒரு ரஷ்ய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை என் கையில் கொடுத்து, வைத்துக்கொள் என்றார். லென்ஸ் கிடையாது. நான் அன்றைக்கு ராஜ வீதியில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். கண் இல்லாத கேமராவை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனவன் காஞ்சிபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லென்ஸ் வாங்க நானும் பாஸ்கரும் மெட்ராஸுக்கு பஸ் ஏறினோம். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கேமரா விற்கும் கடை. என் கேமராவுக்குப் பொருந்துவது இரண்டு இருந்தது, ஒரு முப்பத்தைந்து, ஓர் ஐம்பது. எனக்கு முப்பத்தைந்துமேல்தான் ஆசை. அகலமாக எடுக்கும். கருட சேவை அன்றைக்குக் குடையும் கோபுரமும் கும்பலும் ஒரே படத்தில் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் விடவே இல்லை. பாஸ்கர் அந்த ஐம்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதோடு சேர்ந்து, கிட்டத்தில் எடுப்பதற்கு மேலே மாட்டும் ஒரு கண்ணாடியும் வந்தது.

“குடையும் கும்பலும் யார் வேணா எடுப்பாம்பா. நீ தறிக்காரன் வூட்டுப் பையன். நூல எடு. ஒவ்வொரு இழையும் தெரியணும்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னை இவ்வளவு மதிக்கிறானே என்று நினைத்தேன். முப்பத்தைந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐம்பதை வாங்கிக்கொண்டு வந்தேன். லென்ஸ் எப்படி என்று பார்க்க அக்காவின் மாதிரியை எடுத்துப் பார் என்று சொன்னதும் அவன்தான். கறுப்பு வெள்ளையில் கலர் தெரியாதே என்றேன். உருவம் தெரிந்தால் போதும் என்றான்.

அக்கா முதலில் மாட்டேன் என்றாள். இரண்டு நாள் கெஞ்சினேன். தம்பி கெஞ்சினால் அவளால் தாங்க முடியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் அந்த வித்தை பலிக்காது, தூரத்தை அளந்துதான் எடுக்க வேண்டும். என்னிடம் இருந்த ஸ்கேல் பாதி உடைந்தது. அக்கா ஒரு பட்டு இழையை முறுக்கி, நான் சொன்ன தூரத்தில் முடிச்சுப் போட்டு, ஒரு முனையைக் கேமராவில் கட்டிவிட்டாள். முடிச்சு துணியைத் தொட்டால் தூரம் சரி. துணி சுருளாமல் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். கண்ணை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு கொக்கும் எனக்குத் தெரிந்தது.

படம் கழுவிப் பார்த்தால் பதினொன்றுதான். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்க்கும் ஓட்டை வேறு, லென்ஸ் வேறு. கிட்டத்தில் போகப் போக இரண்டும் விலகும். ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவனுக்கு அது மறந்துபோயிற்று. மீன் கொத்தும் கொக்கு ஓரத்தில் காணாமல் போய், எதிர் ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல் வந்திருந்தது. மற்றபடி இழை இழையாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். மறுபடி எடுக்கிறேன் என்றதற்கு, அக்கா மாதிரியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, போதும் போ என்றாள். பாஸ்கர் மட்டும் லென்ஸைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு பெரிய பிரதி கேட்டான். ஒரு கொக்கு விட்டுப்போன வெட்கத்தில், அப்படி ஒன்று இருந்ததாகவே நான் அவனிடம் சொல்லவில்லை. துணி அளவுக்கே பெரிதாகப் போட்டு, விரல் விழுந்த ஓரத்தை வெட்டி, நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாசியில் அப்பா, அக்கா, நான், மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனோம். அக்கா மாதிரியை விரித்தாள். கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பின்னாலிருந்த அலமாரியிலிருந்து ஒரு புடவையை எடுத்துப் பக்கத்தில் போட்டார். அரக்குக் கரை, சரிகைக் கொக்கு.

“ஏம்மா, எங்க சரக்கப் பாத்து நெய்துக்கினு வந்து எங்களுக்கே காட்டுறியா?” என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

 அக்கா அந்தப் புடவைக் கரையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். ஒரு வரிசை முடிந்து இடைவெளி வந்ததும் அடுத்த வரிசையை முதலிலிருந்து எண்ணினாள். மாதிரியை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“பதினொண்ணு தான் இருக்குது. உன் போட்டோல இருந்த பதினொண்ணு.”

நான் பாஸ்கரைத் தேடிக்கொண்டு அவன் வேலை பார்த்த கூடத்துக்கு ஓடினேன். அங்கே இல்லை. நாங்கள் போய் வந்த அந்தப் புடவைக் கடையிலேயே டிசைன் பிரிவில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அதை மறைத்திருக்கிறான். கடை வாசலில் பிடித்தேன். அழுவான், மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவு மடையன் நான்.

“நான் கேட்டேன். நீ குடுத்த” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு உடம்பு எரியும். திருடினதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். அந்தச் சந்துக் கடையில் நூல எடு என்று சொன்னானே, அப்போதே அவன் கண்ணுக்குள் அந்தக் கட்டத்தாள் இருந்திருக்கிறது. நான் என் லென்ஸை நானே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். அக்கா பேப்பருக்கே கொண்டுவராத கொக்கைப் பேப்பரில் ஏற்றிக் கொடுத்தவன் நான். அவள் முடிச்சுப் போட்ட இழையால்தான் அது அவ்வளவு தெளிவாக வந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. அந்த மாதிரியை மடியில் போட்டுக்கொண்டு இழை இழையாக உருவினாள். சரிகை தனி, பட்டு தனி. ஒரு நாள் பகல் முழுக்க ஆனது. மீன் கொத்திய கொக்கு கடைசியாகப் போயிற்று. பிறகு முன்போலவே பேசினாள், சாப்பாடு போட்டாள், ஊறுகாய் ஜாடி என்றுகூடச் சொன்னாள். ஆனால் நான் கேமராவை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். என் கல்யாணத்தில், என் மகள் பெயர்சூட்டலில், காமாட்சி கோயிலில் எல்லோரும் சேர்ந்து நின்றபோது, எதிலும் அவள் இல்லை. ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன். தம்பி கெஞ்சினால் தாங்காதவள் அன்றைக்குத் தாங்கினாள்.

ஊரில் இப்போது எல்லாம் மாறிவிட்டது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் வீட்டுத் தறிக்குழியில் சிமெண்ட் போட்டு, மேலே பைக் நிற்கிறது. பாஸ்கர் பெரிய ஆள், கல்யாண மண்டபங்களில் முன் வரிசையில் பார்க்கலாம். கொக்குக் கரை மட்டும் இன்னும் ஓடுகிறது. மணப்பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் நான் ஃபோகஸை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

போன வருஷம் அக்கா போய்விட்டாள். அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். போட்டோக்காரன் வீட்டில் ஒரு படம் இல்லை. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். யாரோ ஒரு மங்கலான அம்மாள். வந்தவர்களில் பாதிப் பேர் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மருந்துக்கடைப் பெண்ணுக்கு நேற்று பதில் போட்டேன். எதை எடுக்க உனக்கு ஆசையோ அதற்கு எது சரியோ அதை வாங்கம்மா, யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே என்று. கை கூப்பிய படம் ஒன்றை அனுப்பினாள், புரிந்ததோ இல்லையோ.

பிஸ்கட் டப்பாவின் அடியில் அந்தக் கொக்குப் படத்தின் முதல் பிரதி இருந்தது, ஓரம் வெட்டாதது. நெகடிவ் எல்லாம் புளித்துப்போயிருக்க, இது மட்டும் நன்றாக இருக்கிறது. அக்காவை நான் எடுத்த ஒரே படம். இடது ஓரத்தில் படம் பதினோராவது கொக்கோடு முடிந்துவிடுகிறது. வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நகத்தில் அடிபட்ட கறுப்போடு, துணி நகராமல் எனக்காக அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது.