கூட யாரு, காட்டு

சாமந்திக் குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோதுதான் கைப்பேசி அடித்தது. அம்மா. அதுவும் வீடியோ அழைப்பு. பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகு நான் தனியாக வெளியே கிளம்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை அது. சற்று முன்புதான் கே.ஆர். மார்க்கெட்டின் மேல்தளத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்திருந்தேன். ரோஜாவும் கனகாம்பரமும் சாமந்தியும் தரையே தெரியாமல் கொட்டிக் கிடந்தன; தலைச்சுமைக்காரர்கள் அதற்குள் வழி கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். சங்கரன்கோவிலில் பூவை முழம் போட்டு வாங்கிப் பழகியவள் நான். இங்கே கூடை கூடையாக அள்ளிக் கொட்டுவதைப் பார்த்ததும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. மேலிருந்து பார்த்தது போதாமல் படியிறங்கி ஓடி, கூட்டத்துக்குள் புகுந்துவிட்டேன்.

அம்மா என்னை அனுப்பியதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். எங்கே போனாலும் துணையோடு போக வேண்டும்; தனியாகச் சுற்றுவது தெரிந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். சொன்னால் செய்துவிடுகிறவள் அவள். வாய்ச்சொல்லை நம்புகிற ஆளும் இல்லை. அழைத்ததும் கூட யார் என்று கேட்பாள். நான் கேமராவைத் திருப்பி, விடுதியில் என் அறையில் இருந்த பெண்ணைக் காட்ட வேண்டும். அந்தப் பெண் அன்று ஊருக்குப் போயிருந்தாள். இவ்வளவு பெரிய நகரத்தை வெளியே வைத்துக்கொண்டு அறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"ஏட்டி, எங்க இருக்க? பின்னால என்ன இம்புட்டுப் பூவு? கூட யாரு, காட்டு."

அவ்வளவுதான், வேலையும் போயிற்று, பெங்களூரும் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். அப்போது எதிரே மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்கார அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, என் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. "நான் இருக்கேன்மா கூட. நமக்கு வீடு இதே ஊர்லதான், நீலசந்திராவுல. நீங்க சும்னே பயப்படாதீங்க, புள்ள சாப்டுட்டுதான் வந்திருக்கு" என்றார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா மல்லிகை விலை கேட்டாள், கேட்டுவிட்டு வாயைப் பிளந்தாள். அங்கே பிடித்த பேச்சு இருவருடைய முழங்கால் வலியில் போய்த்தான் நின்றது.

அழைப்பு முடிந்ததும், "எங்கம்மாகிட்ட இப்படிச் சொல்லிட்டீங்களேக்கா" என்றேன். அவர் கண் சரத்தை விட்டு நகரவில்லை. "பொய்யா சொன்னேன்? நீ இங்கதான நிக்கிற, நானும் இங்கதான உக்காந்திருக்கேன். முதல்ல எதுனா சாப்டு. அப்புறம் போய் ஊரைப் பாரு."

அன்றைக்கு நான் நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கால் பரபரக்கிறது. நின்றபடியே வெண்ணெய் வழிய ஒரு மசால் தோசை. அவென்யூ சாலையில் நடைபாதை முழுக்கப் பழைய புத்தகங்கள். சிக்பேட்டையில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் பட்டு, திரும்பினால் பித்தளை, வழி தவறினால் வளையல். வழி தவறுவதற்கென்றே அடுத்தடுத்த சந்துகளில் திரும்பினேன். கடைசியில் கப்பன் பூங்கா. புல்லில் ஆளாளுக்குப் படுத்திருந்தார்கள். நானும் செருப்பைத் தலைமாட்டில் வைத்து மல்லாந்து படுத்தேன். ஊரில் ஒரு பெண் பொது இடத்தில் இப்படிப் படுத்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவார்கள். இங்கே ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் முதலில் அக்கா கடைதான். அவர் முகத்தைக் காட்டினால் அம்மா சமாதானமாகிவிடுவாள், நான் கிளம்பிவிடுவேன். போகப் போக அம்மா என்னைத் தேடுவதை விட்டுவிட்டு, "அந்தப் பூக்காரம்மாட்ட குடு" என்று ஆரம்பித்தாள். பிறகு பூக்கார அக்கா தன் மகளோடு இருக்க ஒசூருக்குப் போய்விட்டார். அம்மாவை நான் பெங்களூருக்கே அழைத்து வந்துவிட்டேன்; இப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். காய்கறிக் கடைக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள்.

போன ஞாயிறு எழுந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை. மொட்டை மாடியில் இல்லை, தெருவில் இல்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவளே அழைத்தாள். வீடியோ. காற்றில் கலைந்த முடி, மார்க்கெட்டின் கைப்பிடிச் சுவர்.

"ஏம்மா, எங்க இருக்க? கூட யாரு, காட்டு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது.

அம்மா கேமராவைத் திருப்பினாள். அவள் பக்கத்தில் யாருமில்லை. கீழே தரை தெரியாத பூ, அதற்குள் முண்டியடிக்கும் ஜனம்.

"இத்தன பேரு இருக்காங்கல்லா, பத்தாதா?" என்றது அவள் குரல். "சரி, வையி. நான் கீழ எறங்கிப் பாக்கணும்."