பதினொன்றாம் எண்ணின் பெயரைக் கேட்டவர்

1. ஒசூர் தொழிற்சாலைகளின் பெண்கள் விடுதிகளுக்கிடையே நடந்த ஏழுபேர் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியை எங்கள் உள்ளூர் கேபிள் சேனல் நேரடியாக ஒளிபரப்பியது.
2. பதினொன்றாம் எண் சட்டை போட்ட பெண் தன் இரண்டாவது கோலை அடித்தாள்.
3. கம்பிவேலிக்கு வெளியே நின்ற சிலர் அவளைப் பார்த்துக் கத்தினார்கள்.
4. வர்ணனை செய்துகொண்டிருந்த அண்ணன் பேச்சை நிறுத்தினார்.
5. பிறகு, ஆட்டத்தை விட்டு வேறொன்றைப் பேசினார்.
6. கண்ட்ரோல் ரூமில் அவர் குரலைத் துண்டித்து விளம்பரம் போட்டார்கள்.
7. அதன் பிறகு அந்த மைக் அவர் கைக்கு வரவில்லை.

பழுதான சர்க்யூட் போர்டு ஒன்று கைக்கு வந்தால், முதலில் என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுத வேண்டும், ஏன் என்பதை அதற்குப் பிறகுதான் தேட வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருக்கிறார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். வார நாட்களில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேபிள் சேனலின் டெம்போ வேனில் உட்கார்ந்து, மூன்று கேமராக்களையும் இரண்டு மைக்குகளையும் கவனித்துக்கொள்வேன். ஒரு மைக் கூட்டத்தின் சத்தத்துக்கு. இன்னொன்று அண்ணனுக்கு. சேனலில் போகிற குரல்தான் மைதானத்து ஸ்பீக்கரிலும் கேட்கும்.

அண்ணன் தென்மாவட்டத்துக்காரர். சூளகிரிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வாரம் முழுவதும் இரும்புச் சத்தத்தில் யாரோடும் பேசாமல் நிற்பவர், ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் வந்தால் வேறு ஆளாகிவிடுவார். கோல் விழுந்தால் தமிழில் ஒரு கூச்சல், தெலுங்கில் ஒரு கூச்சல், கன்னடத்தில் ஒன்று. ஒசூரில் இந்த மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கிறவைதான் என்றாலும், மூன்றிலும் ஒரே மூச்சில் சந்தோஷப்படத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த இடத்துக்கு வர அவர் பல வருடம் திருவிழா மேடைகளிலும் கபடிப் பந்தல்களிலும் காத்துக் கிடந்திருக்கிறார். "லேத்து சோறு போடுது பிள்ள. மனுசன்னு நெனப்பு வாரது இங்க உக்காரும்போதுதான்" என்று ஒருமுறை சொன்னார். அந்த நாற்காலி அவருக்கு என்னவாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பது அவர் வழக்கம். ரசிகர்களும் அதற்காகவே காத்திருப்பார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கு ஊரும் பெயரும் சேர்ந்தே வரும், அதோடு ஒரு பட்டமும் ஒட்டிக்கொள்ளும். சாமல்பட்டியிலிருந்து வந்த பெண் ஒருத்தி 'கணக்கு டீச்சர்'. நாகரசம்பட்டிக்காரி 'வக்கீல் அம்மா'. நீலச் சட்டை அணியில் விளையாடியவர்கள் பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஆதிவாசிப் பெண்கள். லேபர் காண்டிராக்டர் அனுப்பிய அணிப் பட்டியலில் அவர்களுக்குப் பெயரே கிடையாது, அடையாள அட்டை எண்கள்தான் இருந்தன. அதனால் அண்ணன் சட்டையைப் பார்த்தும் உடம்பைப் பார்த்தும் பெயர் வைத்தார். நான்காம் எண் 'குதிரை'. எட்டாம் எண் 'எக்ஸ்பிரஸ்'. வேகமாக மோதிப் பந்தைப் பறிக்கிற பதினொன்றாம் எண் 'காட்டெருமை'. முதல் ஆட்டத்தில் அந்தப் பெயரைக் கேட்டு மைதானமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது.

லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு, திங்கட்கிழமை மறு ஒளிபரப்புக்காகப் பத்து நிமிடத் தொகுப்பு ஒன்றை வெட்டி ஒட்டினேன். முழு ஆட்டத்தில் வார்த்தைகள் ஒன்றுக்கொன்று தூரத்தில் கிடக்கும். நடுவில் த்ரோ வரும், காயம் வரும், நகைக்கடை விளம்பரம் வரும். தொகுப்பில் நடுவில் எதுவும் இல்லை. கோல்கள் மட்டும் ஒட்டி ஒட்டி வந்தபோது அண்ணனின் வார்த்தைகளும் ஒட்டி ஒட்டி வந்தன. உள்ளூர்ப் பெண் அடித்தால், "என்ன மூளை! போன நிமிசமே கணக்குப் போட்டுட்டா." நீலச் சட்டைக்காரி அடித்தால், "என்ன பலம்! காட்டுல ஓடி வளந்த காலு." உள்ளூர்ப் பெண் அடித்தால் திட்டம். நீலச் சட்டைக்காரி அடித்தால் பசித்த புலி. எல்லாமே பாராட்டு. ஒரு வார்த்தையிலும் விஷம் இல்லை. ஆனாலும் கேட்கக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

டயர் கடைக்கு மேலிருக்கும் சேனல் அறைக்கு அண்ணன் அன்று மாலை வந்தபோது, தொகுப்பைப் போட்டுக் காட்டினேன். ஒருமுறை பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"நான் நல்லாத்தான பிள்ள சொல்லியிருக்கேன்?"

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்கண்ணா."

மூன்றாம் முறை அவரே ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்த நீலச் சட்டையில ஒருத்திகூட யோசிச்சு அடிக்கலையா?"

  எழுந்து கண்ணாடி ஜன்னல் பக்கம் போனார். பள்ளிக்கூடத்தில் தன்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'கரியா' என்றுதான் வாத்தியாரே கூப்பிடுவார் என்றார். "அவரும் பிரியமாத்தான் கூப்பிட்டாரு" என்றும் சொன்னார்.

அந்த வாரம் பட்டறை விட்டதும் அவர் நீலச் சட்டைக்காரர்களின் பயிற்சி இடத்துக்குப் போனார். நானும் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். யார் யார் பெயர் என்ன என்று கேட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அவர் உச்சரித்த விதத்துக்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தப்பு அண்ணா, தப்பு! மறுபடி!" என்று திருத்தினார்கள். பதினொன்றாம் எண்ணின் பெயர் சுகுர்மணி. மொபைல் போன் அசெம்பிளி லைனில் வேலை, இரண்டு வருடத் தமிழ்.

"அவ்வளவு வேகமா ஓடி வந்து எப்படிம்மா குறி தப்பாம அடிக்க?" என்று அண்ணன் கேட்டார்.

"பால் பாக்க மாட்டேன் அண்ணா. கோல்கீப்பர் கால் பாப்பேன். எந்தக் கால் வெயிட்டு, அந்தக் கால் நகராது. அந்தப் பக்கம் அடிப்பேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அரையிறுதி அன்று, கோப்பையை வழங்குகிற கட்சிப் பிரமுகர் இடைவேளையில் மைக் பிடித்தார். உள்ளூர் வேலையெல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே, வெளியிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று பேசினார். நேரலையில் முழுவதும் போனது. எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாதிப் பேர் அப்படி வந்து இறங்கியவர்கள்தான். அதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லை. அது வரவேற்புரை.

இரண்டாம் பாதியில் சுகுர்மணி பந்தோடு வந்தபோது அண்ணன் குரல் தாழ்ந்தது. "நல்லா கவனிங்க. சுகுர்மணி பந்தைப் பாக்கல. கோல்கீப்பர் எந்தக் காலுல நிக்கான்னு பாக்கா. பாத்துட்டா. இப்ப…" கோல். மூன்று மொழியிலும் கூவினார். அது அடங்குவதற்குள் வேலிப் பக்கமிருந்து சத்தம் எழுந்தது. என் ஹெட்போனில் அது தெளிவாக விழுந்தது. "ஏய் காட்டெருமை!" "காட்டுக்கே ஓடு!" "ரயில் ஏறுடி, ரயிலு!" ஒருவன் எருமை மாதிரிக் கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தபடி அவனோடு சேர்ந்துகொண்டார்கள். சுகுர்மணி இந்த முறை சிரிக்கவில்லை. அந்தச் சொல்லின் அர்த்தத்தை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் நிறுத்தினார். வர்ணனையில் மௌனம் என்பது இயந்திரக் கோளாறு மாதிரி. நான் கேபிளைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு அவர் குரல் வந்தது, மெதுவாக.

"அந்தப் பேரை அந்தப் பிள்ளைக்கு வச்சது நான்தான். வேலிப் பக்கம் நிக்கவங்க நான் சொல்லித்தான் சொல்லுதாங்க. அதை நான் திரும்ப எடுத்துக்கிடுதேன். காவிரித் தகராறு நடந்த வருசம் நான் பெங்களூருல வேலை பாத்தேன். பஸ் இல்ல. எல்லை வரைக்கும் நடந்துதான் வந்தேன். வாயைத் தொறந்தா தமிழன்னு தெரிஞ்சிரும், அடி விழும். மைக்குல பேசுத இந்த வாயை மூடிக்கிட்டே நடந்தேன். ஒசூர் வந்ததும்தான் ஒரு டீ கேட்டேன். அந்த ஊருல வச்சு, பொழைக்க வந்த பிள்ளையைப் பாத்து ரயில் ஏறுன்னா, அது நமக்கு அடுக்காது. கோப்பை குடுக்கவங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

கடைசி வாக்கியம் வீடுகளுக்குப் போகவில்லை. என் முன்னாலிருந்த டிவியில் மாம்பழக்கூழ் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணா, கண்ட்ரோல் ரூம்ல கட் பண்ணிட்டாங்க" என்று ஹெட்போனில் சொன்னேன். "சரி பிள்ள. மேட்சு நடக்குல்லா" என்றார். மீதி ஆட்டம் முழுவதையும், எந்த வீட்டிலும் மைதானத்திலும் கேட்காது என்று தெரிந்தே, கடைசி விசில் வரை வர்ணித்தார். நீலச் சட்டை ஜெயித்தது. அந்த வர்ணனையைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

எங்கள் சேனல் முதலாளி கெட்டவர் அல்ல. மறுநாள் அண்ணனை உட்கார வைத்து டீ வரவழைத்துவிட்டுத்தான் பேசினார். "ஏம்பா, வெளையாட்டுல அரசியல் எதுக்கு? நாளைக்குக் கட்சிக்காரங்க ஏரியா ஏரியாவா கேபிள் வயரை அறுத்தா நீயா வந்து இழுப்ப? ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லு. ஃபைனல் உனக்குத்தான்." அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். "எதுக்குண்ணே வருத்தம்? அந்தப் பேரு வச்சதுக்குன்னா, நேத்தே சொல்லியாச்சே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் விஷயம் அத்தோடு நிற்கவில்லை. பாதுகாப்புக் காரணம் சொல்லி, விடுதி நிர்வாகம் நீலச் சட்டை அணியை இறுதிப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டது. தோற்றுப்போன அணி அவர்களுக்குப் பதிலாக விளையாடியது. அண்ணன் விடுதி வாசலுக்குப் போய் சுகுர்மணியைப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. "நீங்க பேசினது எனக்கு அப்போ புரியல அண்ணா. அப்புறம் சொன்னாங்க. நல்லாப் பேசினீங்க. ஆனா ஃபைனல் போச்சு" என்றாள். திரும்பி வரும் வழியில் அண்ணன் கேட்டார்: "நான் அந்தப் பிள்ளைக்காகப் பேசினேனா, எனக்காகப் பேசினேனா?"  கத்தியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசியவருக்கு மைக் போனது. கத்தப்பட்டவளுக்கு ஆட்டம் போனது. அவர் பேசாமல் இருந்திருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கும், அந்தப் பெயரும் மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகு டிவியில் பெரிய நாடுகளின் ஆட்டங்களைப் பார்க்கும்போதும் என் காது வேறு மாதிரி வேலை செய்கிறது. கறுப்பு வீரன் ஓடினால் பலம், வேகம், இயற்கை தந்த உடம்பு. வெள்ளை வீரன் நின்றால்கூட பார்வை, திட்டம், தலைமை. லட்ச லட்சமாகச் சம்பளம் வாங்குகிற வர்ணனையாளர்கள், நல்ல ஆங்கிலத்தில், பிரியமாகவே சொல்கிறார்கள். கூட்டம் குரங்கு மாதிரிக் கத்தும்போது ஒரு வீரன் மைதானத்தை விட்டு வெளியேறினால், விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று யாரோ ஒருவர் நிதானமாகச் சொல்கிறார். நான் டெஸ்டிங் பிரிவில் இருப்பவள். ஒரே பழுது இரண்டு இடத்தில் வந்தால் அதைத் தற்செயல் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

இப்போதைய நிலை இது. நீலச் சட்டை அணி கலைந்துவிட்டது. சுகுர்மணி சூளகிரியில் வேறொரு நிறுவனத்துக்கு மாறி, அவர்களுடைய அணிக்கு விளையாடுகிறாள். அணிப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் திரையில் போட முடியாது என்று நான் காண்டிராக்டர்களிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே பெயர்களை அனுப்புகிறார்கள். புதிதாக வந்த வர்ணனையாளர் நிலைக்கவில்லை. அடுத்த மாதம் போட்டி தொடங்குகிறது, அண்ணனைக் கேட்டுப் பார் என்று முதலாளியே என்னிடம் சொன்னார். பட்டறைக்குப் போய்க் கேட்டேன். லேத்தை நிறுத்தினார்.

"சுகுர்மணி ஆடுதாளா?"

"ஆடுறாண்ணா."

"அப்ப, நான் மைக்கு முன்னால உக்காரலாமான்னு அவகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. அவர் இன்னும் போய்க் கேட்கவில்லை.