பாவுக்கு அந்தப் பக்கம் எம் மவன்

பேயி, பிசாசுன்னு எவளாவது பேச ஆரம்பிச்சா நான் எழுந்து துணி மடிக்கப் போயிடுவேம்மா, எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கையே கெடையாது, இப்பவும் இல்ல. நீ பக்கத்துப் போர்ஷனுக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது, கெழவிக்கு மூளை கொழம்பிப் போச்சுன்னு நெனச்சாலும் நெனச்சுக்கோ. கண்ணால பார்த்ததை இல்லன்னு எப்பிடிச் சொல்றது?

எம் மவன் குணா படம் வரைவான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில வேலை, வூட்டுக்கு வந்தா சோறு கூட அப்புறம்தான், உக்காந்து வரைஞ்சிக்கினே இருப்பான். பசங்க படிக்குமே, ஆளு பறக்குற மாதிரி, அந்தக் காமிக்ஸு, அது ஒரு புஸ்தகமே போட்டான்னா பாரேன். எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு படமா வெரல வச்சு சொல்லுவான். அதுல வர்ற வீரனுக்கு முதுகுல நம்ம ஊரு பட்டுதான் தொங்கும், அரக்குல பச்சை பார்டரு, அந்தக் கலர் சொன்னதே நான்தான், எனக்கு ஒரே பெருமை. அந்த வீரன் ராசாங்க கோயில் கட்டுன காலத்துக்கெல்லாம் போவான், எவனாவது போயி நடந்ததை மாத்தப் பார்த்தா தடுத்துடுவான். நல்லதுக்கு மாத்துனாலும் வுட மாட்டான். நல்லதுக்குன்னா வுட்டா இன்னாடான்னு கேட்டேன், ஒண்ண மாத்துனா எல்லாம் அறுந்துடும்மான்னான். நான் சிரிச்சேன்.

அப்புறம் ஒரு நாள் விடிகாலையில ஷிப்டுக்கு வண்டி எடுத்துக்கினு போனான், லாரி அடிச்சிடுச்சு. எனக்கு அன்னிக்கு ஜொரம், மாத்திரை போட்டுக்கினு உள்ள படுத்துக்கெடந்தேன். போவசொல்ல மூஞ்சி கூடப் பார்க்கலம்மா.

வருசம் திரும்புச்சு. திவசம் முடிஞ்ச வாரம், எதிர்வூட்டுக்காரங்க பாவு போட்டிருந்தாங்க. நீயே பார்த்திருப்பியே, பட்டு இழையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி சரி பண்ணுவாங்களே, அது. பாவைத் தாண்டக் கூடாதும்மா, எவ்ளோ அவசரமா இருந்தாலும் சுத்திக்கினுதான் போவணும், பொறந்ததுல இருந்து நாங்க அப்பிடித்தான். நல்லா வெளுத்துடுச்சு, அவங்க காபி குடிக்க உள்ள போயிட்டாங்க, நான் எதிர்வூட்டுப் பக்கம் நின்னுக்கினு அறுந்த இழையை முடிஞ்சிக்கினு இருக்கேன். வண்டிச் சத்தம் கேக்குது. நிமுந்து பார்த்தா பாவுக்கு அந்தப் பக்கம், எங்க வூட்டு வாசல்ல, எம் மவன். செத்த அன்னிக்குப் போட்டிருந்த அதே ஊதா சட்டை. காயலான் கடைக்குப் போன அதே வண்டி.

கத்துறேன், சத்தம் வரல. ஓடலாம்னா நடுவுல பாவு. நம்புனா நம்பு, அந்த நேரத்துலயும் பழக்கத்துல காலு நின்னுடுச்சும்மா. சீ, பாவாவது ஒண்ணாவதுன்னு பொடவையைத் தூக்கிக்கினு தாண்டப் போறேன், என் கைய ஒருத்தன் புடிச்சிட்டான். அரக்குப் பட்டு, பச்சை பார்டரு. படத்துல இருந்த அதே மூஞ்சி.

"வேணாம் ஆயா"ன்னான்.

அவன் கால்ல வுழுந்தேன். "நீ காப்பாத்துறவன்தானே, எம் புள்ளைய வுட்டுட்டு வேற இன்னாத்தடா காப்பாத்துற?"

"நடந்ததைத்தான் ஆயா. என்னை வரைஞ்சதே அவருதான். எனக்கு மட்டும் மனசு கேக்குதா?"

அவனும் அழுதான். ஆனா புடி தளரல. குணா என்னைப் பார்த்தான், நல்லாப் பார்த்தான், வூட்டுப் பக்கம் திரும்பி இன்னாவோ சொன்னான், காதுல வுழல, வண்டிய எடுத்தான், முக்குல திரும்பிட்டான். இப்பிடிப் பார்த்தா பக்கத்துல யாரும் இல்ல. எதிர்வூட்டுக்காரங்க டம்ளரோட வந்து, ஏன்மா மண்ணுல உக்காந்துக்கினு இருக்கேன்னு கேக்குறாங்க.

ரொம்ப நாளு யார்கிட்டயும் வாயைத் தெறக்கல. போன மாசந்தான் மருமவ தேவிகிட்ட சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தேன், அவளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவன் செத்த அன்னிக்குக் காலையில, வண்டியில உக்காந்துக்கினே உள்ள கூப்புட்டுச் சொன்னானாம், "தேவி, அம்மா எதிர்ல நின்னு அழுதுக்கினு இருக்குது, கூட்டிக்கினு போ. லேட்டாச்சு, சாயந்தரம் வந்து இன்னான்னு கேக்குறேன்"னு. இவ வெளிய வந்து பார்த்திருக்கா, தெருவுல ஒருத்தரும் இல்ல. உள்ள வந்து பார்த்தா நான் போத்திக்கினு தூங்குறேன். தூக்கக் கலக்கத்துல ஒளறிட்டுப் போறாருன்னு வுட்டுட்டாளாம்.

அப்ப எம் மவன் என்னைப் பார்த்துட்டுத்தாம்மா போயிருக்கான். நான் இன்னும் கொஞ்சம் நல்லா அழுதிருந்தா, வண்டிய வுட்டு எறங்கி வந்திருப்பானோ?