போக்கருக்குச் சொன்ன அல்சர்

இது நடந்த கதை. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சரி, அப்படிப் பார்க்காதீர்கள், கொஞ்சம் கூட்டியிருக்கிறது. ரப்பர் பாலை ரோலரில் விட்டு இழுக்காமல் ஷீட் ஆக்க முடியுமா? ஆளும் நோயும் சாவும் அசல். மிச்சத்தில் இழுப்பு உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளினிக் பின்னறையில் உட்கார்ந்து புண்ணுக்குக் கட்டுகிற துணியை வெட்டி மடிக்கிறோம். கைக்கு வேலை இருக்கிறது, காதுதான் சும்மா இருக்கிறது. உண்ணீன், நீ மடிப்பது புண்ணுக்கான துணி, பிணத்துக்குச் சுற்றுகிற கபன் துணி அல்ல, சின்னதாக மடி. சைனபா டீச்சர், கத்தரிக்கோலை அவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அலவிக்குட்டி வாரத்தில் ஆறு நாள் ஆட்டோ ஓட்டுவான். புதன்கிழமை மட்டும் தீராத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நம் பாலியேட்டிவ் வண்டி. மஞ்சேரிக்குக் கிழக்கே அவன் கால் படாத நோயாளி வீடு கிடையாது. சாகப்போகிறவரிடம் உண்மையைச் சொல்லாமல் மூடி வைத்திருக்கிற வீட்டுக்கு அவன் போனால், பால் விடாத ஒரு கட்டஞ்சாயா குடித்து முடிப்பதற்குள் மூடி திறந்துவிடும்.

"அவருக்குத் தெரியாதுன்னு நீங்க நெனைக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு அவரு நெனைக்கிறாரு. இந்த வீட்ல பூனைக்கு மட்டும்தான் தெரியாது. அதுவும் ரெண்டு நாளா ஒரு மாதிரிதான் பாக்குது" என்பான். அழுதுகொண்டிருக்கிற வீட்டார் சிரித்துவிடுவார்கள். அப்புறம் உள்ளே போய் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள்.

இப்படிப்பட்டவன்தான் போக்கரிடம் பொய் சொன்னான்.

போக்கர் மரமில்லில் அறுப்பு வேலை செய்தவன். அலவியும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வகுப்பில் மூன்று தடவை தோற்றவர்கள். நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் போக்கருக்கு வயிற்று வலி வந்தது. ஊசி போட்டும் போகவில்லை, ஓதிய தண்ணீர் குடித்தும் போகவில்லை. கோழிக்கோட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். குடலில் வந்த புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். போக்கர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நேந்திரம்பழம் தின்றுகொண்டிருந்தான். உள்ளே கேட்டவர்கள் அவன் மனைவி பிய்யாத்துவும் அலவியும்தான்.

பிய்யாத்து ஆஸ்பத்திரித் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அலவிக்கா, அவரு கேட்டா அல்சர்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா அன்னிக்கே படுத்துருவாரு. உங்க காலைப் பிடிக்கிறேன்."

வேறு வீடாக இருந்தால் அலவி பூனைக் கதையைச் சொல்லியிருப்பான். அன்றைக்குப் பூனை வரவில்லை. வெளியே வந்தான். போக்கர் பழத்தோலை நீட்டிக்கொண்டே, "என்னடா சொன்னாரு?" என்றான்.

"அல்சர். காரத்தைக் குறைக்கச் சொன்னாரு."

"இதச் சொல்ல எதுக்குக் கோழிக்கோடு? என்னைப் பெத்த உம்மாவே சொல்லியிருப்பாளே."

அன்றிலிருந்து அலவி பட்ட பாடு இருக்கிறதே, கள்ளக்கடத்தல் பண்ணுகிறவன்கூட அவ்வளவு படமாட்டான். வண்டியின் பக்கவாட்டில் பூசணிக்காய் அளவு எழுத்தில் பாலியேட்டிவ் என்று எழுதியிருக்கிறது. அதைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நர்ஸ் லிசியை வரப்பு வழியாக நடத்திக்கொண்டு போவான். மருந்தெல்லாம் பேக்கரி டப்பாவில். லிசி கோட்டயத்துக்காரி. பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

"எத்தனை நாளைக்கு அலவிக்கா இந்தக் கூத்து? மத்த வீட்ல நீங்கதானே பிரசங்கம் பண்றீங்க?"

"சிஸ்டர் பேசவே வேணாம். மூக்கைத் துணியால மூடிக்கிட்டு வயித்தை மட்டும் பாருங்க."

வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரைக்கு அலவி வைத்த பெயர் கேஸ் மாத்திரை. அதைத் தின்ற அன்றே போக்கர் எழுந்து உட்கார்ந்து இரண்டு அரிசிப் பத்திரி தின்றான். ஐம்பது என்று ஊரில் சொன்னார்கள், இரண்டுதான்.

இதுவரை சிரித்துவிட்டீர்கள். இனி சொல்வதில் இழுப்பு இல்லை.

போக்கருக்கு ஒரு அண்ணன், ஏனு. காக்கா என்றால் அண்ணன், ஊருக்கே அவர் ஏனுக்காக்கா. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அறுத்த வயலில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பந்தாட்டம் நடந்தது, இறுதி ஆட்டம். போக்கர் அடித்த பந்து கோட்டைத் தாண்டியது என்று நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். சரி, நானூறு பேர். கோட்டருகே கொடி பிடித்து நின்ற ஏனுக்காக்கா மட்டும் தாண்டவில்லை என்றார். போக்கர் ஓடிவந்து, தகப்பனுக்குச் சமமான அண்ணனை அத்தனை பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தான். ஏனுக்காக்கா கொடியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்தான். அப்புறம் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை.

நோன்புப் பெருநாள் காலையில் போக்கர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றான். காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம், அவ்வளவு மெலிந்திருந்தான். ஆனால் நடந்தான்.

"அலவி, ஆட்டோவை எடு. காக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்துருவோம். அந்த அடி கையிலயே இருக்குடா, சோறு திங்கும்போதெல்லாம் தெரியுது. பொருத்தம் கேட்டு முடிச்சிரணும்."

பொருத்தம் கேட்காமல் இங்கே யாரும் ஹஜ்ஜுக்குக்கூடப் போவதில்லை. செய்த தப்பைச் சொல்லி, பொருந்திக்கோ என்று கேட்டு, பொருந்திக்கிட்டேன் என்று காதால் கேட்டால்தான் பாரம் இறங்கும். அலவிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பள்ளிவாசலுக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்துவிட்ட மில்காரர்கள் மூலம் ஏனுக்காக்காவுக்கு நோய் விஷயம் எட்டியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் அந்த மனுஷர் கட்டிக்கொண்டு அழுவார், பொய் உடைந்துவிடும். அலவி அதைத்தான் நினைத்தான்.

"இப்போ எதுக்குடா? சாகப்போறவன் மாதிரி பொருத்தம் கேட்டுக்கிட்டு அலையறே. அல்சர் ஆறட்டும். மில்லுக்குப் போக ஆரம்பிச்சப்புறம் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவோம்."

போக்கர் யோசித்தான். "அதுவும் சரிதான்" என்று சட்டையைக் கழற்றினான்.

அலவி வாசலில் நின்று அந்தச் சட்டை மடிக்கப்படுவதைப் பார்த்தான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

பெருநாள் கழிந்து மூன்றாவது வாரம் ஏனுக்காக்கா குளத்துப் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். கம்பி வைத்துக் கட்டிலில் போட்டார்கள். அவர் வீடு குன்றின் மேல், ஐம்பது செங்கல் படி, வண்டி ஏறாது. ஹஜ் பெருநாள் வந்தபோது போக்கராலும் நடக்க முடியவில்லை. அண்ணன் மேலே கட்டிலில், தம்பி கீழே கட்டிலில். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

பொய்யை உடைத்தது பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மொல்லாக்கா. ஒரு சாயங்காலம் போக்கரைப் பார்க்க வந்தவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்கும் இந்தக் கேஸ் தொல்லை தாங்கல" என்றார். போக்கர் தர்மசிந்தனை உள்ளவன். தலையணைக்கு அடியிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். மறுநாள் விடியற்காலை சுபுஹு பாங்கு இல்லை. ஊரே தூங்கிவிட்டது. பால்காரன் தூங்கினான், மாடும் தூங்கியது. மொல்லாக்கா எட்டு மணிக்கு வாந்தியோடு எழுந்து, சொர்க்கத்தின் வாசல்வரை போய் வந்ததாகச் சொன்னார்.

லிசி அவருக்கு நாடி பார்த்துவிட்டு நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தாள். மூக்கு சிவக்கவில்லை, முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"அந்த ஆளு மூச்சு நின்னு போயிருந்தா? இன்னிக்கு நீங்க சொல்றீங்க. இல்லேன்னா நான் சொல்றேன். மொதல்ல அவரு என்ன நெனைக்கிறாருன்னு கேக்கணும்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கிறீங்கல்ல? போய்க் கேளுங்க."

அலவி போய்க் கட்டிலருகே உட்கார்ந்தான். பிய்யாத்து அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றாள். வேண்டாம் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

"போக்கரே, ஒனக்கு என்ன நோய்னு நீ நெனைக்கிறே?"

"அல்சர். நீதானே சொன்னே. ஒன்னை நம்பாம பின்ன டாக்டரையா நம்புவேன்?"

ஆயிரம் வீட்டில் பேசியவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அல்சர் இல்லடா."

"பின்ன?"

"மத்தது."

போக்கர் கூரையைப் பார்த்தான். பல்லி ஒன்று ஓடி நின்றது.

"எப்பத் தெரியும்?"

"நோம்புக்கு முந்தி. கோழிக்கோட்ல."

"அப்போ பெருநாளுக்கு நான் சட்டை போட்டு நின்னப்போ?"

"தெரியும்."

"நான் நடந்தேன் அலவி. அன்னிக்கு எனக்கு நடக்கக் காலு இருந்துச்சு."

பிய்யாத்து ஓடிவந்து, "நான்தான் சொல்லச் சொன்னேன், என்னைத் திட்டுங்க" என்றாள். போக்கர் அவள் தலையில் கை வைத்தான். "நீ பயந்தே. இவனுக்கு என்ன பயம்? இதுதானே இவன் வேலை." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "காக்காவைப் பாக்கணும்."

மறுநாள் மத்தியானம் ஏனுக்காக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துக் கட்டி, ஐம்பது படியும் இறக்கினார்கள். தூக்கியவர்கள் அன்றைக்குப் போக்கரோடு ஆடிய பழைய டீம். இப்போது ஆளுக்கொரு தொந்தி. முன்னால் பிடித்தவன் அலவி. ஒவ்வொரு படிக்கும் ஏனுக்காக்கா "அம்மோ" என்றார். ஒவ்வொரு அம்மோவும் தன் கணக்கில்தான் ஏறுகிறது என்று அலவிக்குத் தெரிந்தது.

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி வைத்தார்கள். போக்கரின் குரல் அதற்குள் பாதி போய்விட்டிருந்தது.

"காக்கா, அன்னிக்கு அடிச்சேன். பொருந்திக்கணும்."

ஏனுக்காக்கா அவனையே பார்த்தார். "பந்து கோட்டைத் தாண்டலை" என்றார்.

பழைய டீம் தலையில் கை வைத்தது.

"தாண்டுச்சு காக்கா."

"தாண்டலைடா."

"ஒரு சாண் தாண்டுச்சு."

ஏனுக்காக்கா தம்பியின் எலும்புக் கையை எடுத்து, அன்றைக்கு அறை வாங்கிய கன்னத்தில் வைத்துக்கொண்டார். "சரி, தாண்டுச்சு. அடியையும் பொருந்திக்கிட்டேன். ஒம்போது வருஷம் ஒன் வாசல்ல ஏறாம வீம்பு பிடிச்சேனே, அதை நீ பொருந்திக்கோ."

போக்கர் தலையாட்டினான். உம்மாவைப் பற்றி ஏதோ கேட்க வந்தான். சொல் வெளியே வருவதற்குள் கண் சொருகித் தூங்கிவிட்டான். ஏனுக்காக்கா சாயங்காலத் தொழுகை அஸர்வரை காத்திருந்தார். அவன் எழவில்லை. நாற்காலியைத் தூக்க அலவி குனிந்தபோது காதோடு கேட்டார். "எங்களுக்கு ஒரு மத்தியானம் கொண்டுவந்து குடுத்தே. நாலு மாசத்தை எங்கடா வெச்சிருக்கே?"

அலவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஐம்பது படியும் ஏறினான்.

அடுத்த நாள் போக்கருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. ஈரப் பஞ்சால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டே அலவி கேட்டான். "எனக்கும் பொருத்தம் தாடா."

போக்கர் பஞ்சிலிருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னான். "மொத நாளுக்குப் பொருந்திக்கிட்டேன். பயத்துல யாரும் சொல்லிருவாங்க. பெருநாளுக்கு முடியாது. அது நீ யோசிச்சுச் சொன்னது."

"போக்கரே..."

"முடியாதுடா. மனசில இல்லாததைச் சொல்லி இன்னொரு பொய்யா? தண்ணி விடு."

அலவி தண்ணீர் விட்டான். மிச்சமிருந்த மூன்று நாளும் அவன்தான் விட்டான். திருப்பிப் படுக்கவைத்தான், முதுகுப் புண் துடைத்தான், தாடி மழித்தான். போக்கர் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தான். ஒரு தடவை மொல்லாக்கா கதையைச் சொல்லச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தொழுகை லுஹருக்கு முன்னால் போய்விட்டான்.

கபன் சுற்றிய மய்யித்தைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து, போக்கர் யாருக்காவது மனசு நோகச் செய்திருந்தால் எல்லோரும் பொருந்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். பொருந்திக்கிட்டோம் என்று ஊரே சொன்னது. அலவியும் சொன்னான். செத்தவனுக்காக ஊரிடம் கேட்க ஆள் இருக்கிறது. செத்தவனிடம் போய் அலவிக்காகக் கேட்க ஆள் இல்லை.

இப்போதும் புதன்கிழமை வண்டி ஓட்டுகிறான். ஆனால் பூனைக் கதை சொல்வதில்லை. உண்மையை மூடி வைத்த வீட்டுக்குப் போனால் போக்கரைப் பற்றித்தான் சொல்கிறான், தன் பெயரையும் சேர்த்து.

இவ்வளவு சொன்னதும் உண்ணீன் துணியைக் கீழே வைத்தான். "போக்கர் செஞ்சது தப்பு. கூட்டாளிக்கு ஒரு வார்த்தை குடுத்துட்டுப் போனா என்ன கொறஞ்சு போகும்?"

"அலவி அந்த மனுஷனோட காலையே எடுத்துட்டானே, அது கொறையலையா?" என்றாள் சைனபா டீச்சர், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"பொண்டாட்டி கெஞ்சுனா. அவன் என்ன பண்ணுவான்? டீச்சருக்கு அடுத்தவன் வீட்டு நோயின்னா கணக்குப் பாடம் மாதிரி."

"நான் ஒன் வீட்டைச் சொல்லலையே உண்ணீன்."

"சொல்லிட்டுத்தான் இருக்கீங்க. இந்தக் கதையே எனக்காகத்தான். எங்க உம்மாவுக்கு நீர்க்கட்டி. அவங்களுக்கு அது நீர்க்கட்டின்னுதான் இருக்கும். யாரும் எங்க வீட்டுப் படி ஏற வேணாம்."

"போன புதன்கிழமை ஒங்க உம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன கேட்டாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க? டீச்சர், நீங்க என்ன சொன்னீங்க?"

உண்ணீன் எழுந்த வேகத்தில் மேசை சாய்ந்து, மடித்து வைத்த துணியெல்லாம் தரையில் சிதறியது. "மிதிக்காதே, சுத்தமான துணி" என்று ஒருத்தர் கத்த, "துணியா இப்போ முக்கியம்" என்று இன்னொருத்தர் கத்த, வாசலை மறித்து நின்ற உண்ணீனைத் தாண்டி யாராலும் வெளியேயும் போக முடியவில்லை.