செவ்வாய்க்கிழமையை விடாத பக்கம்

அடையாறில் ஒரு சிறிய கிளினிக். அதன் இணையதளத்தை தி.நகரில் இருந்த எங்கள் அலுவலகம்தான் பார்த்துக்கொண்டது. எலும்பு டாக்டர் வரும் நாள் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறியிருந்தது. தளமோ செவ்வாய் என்றே காட்டியது. வடபழனியிலிருந்து முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்த ஓர் அம்மாள், டாக்டர் இல்லை என்றதும் வரவேற்பில் இருந்த பெண்ணைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

அந்தப் பெண் எனக்கு போன் செய்தாள்.

"மேடம், டாக்டர் வர்ற கெழமைய நான் தளத்துல மாத்தவே இல்லன்றாங்க. மாத்தி ஒரு வாரம் ஆவுது. வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க போல கீது."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அவங்க சேவ் பண்ண மறந்திருப்பாங்க. அப்படியே கிளினிக்குக்கு மெயில் போடு. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்" என்றார்.

"ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுதுன்னா தப்பு நம்மகிட்டதான் சார். அந்த மெயிலை நான் போட மாட்டேன்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

சாப்பிடக்கூடப் போகாமல், தளத்தில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பதிவுகளைத் தோண்டினேன். அவள் மாற்றியது, நேரத்தோடு அங்கே இருந்தது. எங்கள் சர்வர் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நகல் வைத்திருக்கும். நகல் பழசானால், வந்தவருக்கு அதையே காட்டிவிட்டு, பின்னால் புதியதைக் கேட்டு, தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போகும். ஒரே நேரத்தில் பலமுறை போகாதிருக்க, 'போயிருக்கிறது' என்று ஒரு குறி வைக்கும். அந்த வாரம் டேட்டாபேஸ் சில நிமிடம் படுத்துவிட, போனது வெறுங்கையோடு திரும்பியது. குறியை மட்டும் எடுக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறது என்று அந்தக் குறி சொன்னதால், அதன்பிறகு சர்வர் புதியதைக் கேட்கவே இல்லை.

நிரலில் அந்த இடத்தை எழுதியது யார் என்று பார்த்தேன். நானேதான், போன வருடம்.

தோற்றுத் திரும்பினாலும் குறியை எடுக்கும்படி மூன்று வரி சேர்த்தேன். சோதனை சர்வரில் டேட்டாபேஸை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். பக்கம் வியாழனுக்கு வந்தது. அதன்பிறகே உண்மையான தளத்தில் ஏற்றினேன். கிளினிக்குக்கு மெயிலும் அனுப்பினேன்: "தவறு என்னுடையது. உங்கள் ஊழியர் சரியாகவே மாற்றியிருக்கிறார். ஆதாரம் இணைத்துள்ளேன்."

மேனேஜர் என் மேசைக்கே வந்துவிட்டார். "யாராவது இப்படி எழுதுவாங்களா? கிளையன்ட் போயிடுவான்!"

"போனா போகட்டும் சார். அந்தப் பொண்ணு வேலை போகக் கூடாது."

கிளையன்ட் போகவில்லை. அந்தத் தளத்தின் வேலையிலிருந்து என்னைத்தான் எடுத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்து, வேலை தப்பிய அந்த வரவேற்புப் பெண் மறுபடி கூப்பிட்டாள்.

"உங்க தப்புன்னு நீங்களே எழுதிக்கினீங்களே, உங்களை இன்னா பண்ணாங்க?"

"வேற வேலை குடுத்திருக்காங்க. நீ கவுன்டரைப் பாரு" என்றேன். அந்த மெயிலில் ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்து எழுதியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.