சட்டனில் ஒரு டென்மார்க் மந்திரிசபை

போன ஞாயிறு, நாங்கள் குடியேறியிருக்கும் சட்டன் நகரில் ஓர் அரசாங்கம் அமைந்ததைக் கண்ணால் பார்த்தேன். நம்புங்கள்!

என் பெண் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். இடம் வழக்கம்போல சர்ச் ஹால். தலைவர் ஜெயம் அண்ணை பதவி விலகுகிறார். நான்கு மணிக்குள் புதிய தலைவர் ஒருவர் ஹால் புக்கிங் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை காலைகளில் ஹால் கராத்தே வகுப்புக்குப் போய்விடும். பள்ளிக்கு வேறு இடமில்லை.

"நான் செய்யிறன்" என்று எழுந்தார் ரஞ்சினி அக்கா. மருத்துவமனை நர்ஸ். ஷிஃப்ட் முடித்து நேரே வந்து சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தருபவர். இதைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

"ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ" என்றார் ஜெயம் அண்ணை.

நாற்பது பெற்றோர். ஏழு கை!

அக்கா மேல் கோபமா? இல்லவே இல்லை. பொதுக்கூட்டத்தில் கை தூக்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஜன்னலை மூடச் சொல்வதற்காகக் கை தூக்கினேன் — உபசெயலாளர் ஆக்கிவிட்டார்கள். அதனால் இந்த முறை குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகம் வாடிப்போனது. எனக்கு வெட்கமாக இருந்தது... ஆனாலும் கை எழவில்லை.

"பாதிப் பேராவது வேணும். ஏழு பேரோட ஏலாது." ஜெயம் அண்ணை கறார். மணி மூன்றே முக்கால்.

அப்போதுதான் வசந்தன் வாயைத் திறந்தார். டென்மார்க்கில் வளர்ந்து, போன வருஷம் குடும்பத்தோடு இங்கே வந்தவர்.

"ஏன் ஏலாது அண்ணை? டென்மார்க்கில எழுபதுகளில ஒரு கட்சி, நூற்றி எழுபத்தொன்பது பேரில இருபத்திரண்டு பேரை வைச்சு அரசாங்கம் நடத்தினது. ஒரு வருசத்துக்கு மேல!"

"பகிடி விடாதையும்."

"உண்மை அண்ணை. அங்க ஆர் ஆதரவு எண்டு கேக்கிறேல்லை. அரைவாசிக்கு மேல ஆக்கள் எதிர்க்காட்டி, அது போதும். மந்திரியளும் குறைவு, சிலபேருக்கு ரெண்டு இலாகா."

ஜெயம் அண்ணை கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "அப்ப... ரஞ்சினியை எதிர்க்கிறவை கையை உயர்த்துங்கோ."

ஒரு கையும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சொறியப் போனார். மனைவி அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்தார்!

அக்கா கையெழுத்துப் போட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. பள்ளி பிழைத்த சந்தோஷத்தில் நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

நம் ஜனங்கள் இப்படித்தான். முகத்துக்கு நேரே யாரையும் எதிர்க்க மாட்டோம். ஆதரிக்கவோ பயம். டென்மார்க்காரர்கள் சட்டம் எழுதும்போது நம்மாள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரோ?

எல்லாரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். "ஒருத்தரும் போகாதேங்கோ!" என்றார் புதிய தலைவர், பேனாவும் கையுமாக. "டீயும் கதிரை அடுக்கிறதும், ஜெயம் அண்ணை. எதிர்க்கிறவை கையை உயர்த்துங்கோ... ஒருத்தரும் இல்லை. ஆண்டு விழாவும் பார்க்கிங்கும், வசந்தன். எதிர்ப்பு? இல்லை..."

ஐந்தே நிமிடத்தில் மந்திரிசபை ரெடி. எனக்கும் இரண்டு இலாகா — பிள்ளைகள் நாடகம், கழிவறைச் சாவி.

டென்மார்க் மந்திரிகளாவது ஆசைப்பட்டுப் பதவிக்கு வந்திருப்பார்கள்!